சிவப்பு வெளிச்சத்தில் ஒரு தேமல்

"கண்ணை மூடுங்க தங்கச்சி."

"மூடித்தானே அக்கா இருக்கிறன்."

"இடக் கண்ணையும் வடிவா மூடுங்க."

"ஓம், ரெண்டும் மூடித்தான் இருக்கு."

இந்தக் கதை நடந்து மூன்று கிழமையாகிறது. நடந்த இடம், துறைமுகத்துக்குப் போகும் தெருவில் உள்ள ஒரு பியூட்டி பார்லர். மூடச் சொன்னவர் அதன் உரிமையாளர் றிஸானா. மூடித்தான் இருக்கிறது என்று அடித்துச் சொன்னவள் என் தங்கையின் மகள் தேனுகா. பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறாள். இருபத்தேழு வயது. ஆவணியில் கல்யாணம்.

இடது இமைக்குக் கீழே ஒரு கீற்று வெள்ளை தெரிந்துகொண்டிருந்தது. அவளுக்கு அது தெரியவில்லை. தன் கண் மூடவில்லை என்பதைப் பார்க்க ஒருவர் முதலில் கண்ணைத் திறக்க வேண்டுமே!

அந்தப் பார்லரில் அவளுக்கு என்ன வேலை? ஒரு விளக்குக்குக் கீழே படுப்பதுதான் வேலை. அந்த விளக்கை உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். பங்குனி மாதம் இந்தப் பேப்பரில், இதே பத்தியில் அதைப் பற்றி எழுதியிருந்தேன் — எல்.ஈ.டி. முகமூடி. வெள்ளைப் பிளாஸ்டிக், உட்பக்கம் கடுகு கடுகாய் பல்புகள். சிவப்பைப் போட்டால் தோல் இளமையாகும். நீலத்தைப் போட்டால் பரு போகும். மஞ்சளுக்கு இரத்தோட்டம். "மீன் கருவாடாக வெயிலே போதும், மனிசர் கருவாடாகத்தான் மெஷின் தேவைப்படுகிறது" என்று முடித்திருந்தேன்.

நல்ல வரவேற்பு! நிலாவெளியிலிருந்து ஓர் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் தொலைபேசி எடுத்து, அந்த வரியை எனக்கே வாசித்துக் காட்டினார். நானும் முதல் தடவை கேட்பவன் போலச் சிரித்தேன்.

அந்தப் பத்தியில் நான் எழுதாமல் விட்ட பகுதி ஒன்று இருக்கிறது.

தை மாதம் மாப்பிள்ளை வீட்டார் கட்டைபறிச்சானிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை நில அளவையாளர். அமைதியான பிள்ளை. அந்த வீட்டின் வாய் முழுவதும் அவருடைய அக்காவிடம் இருந்தது. வடையைக் கடித்துக்கொண்டே அவர் தேனுகாவின் இடக் கன்னத்தை உற்றுப் பார்த்தார்.

"பிள்ளைக்கு இதென்ன, தேமலோ?"

காதுக்கும் கண்ணுக்கும் நடுவே, ஒரு பெரிய பொத்தான் அளவில், வெளிறிய படை ஒன்று இருந்தது.

"வெயில்," என்றாள் என் தங்கை வசந்தா, இமைகூட ஆடாமல். "ஸ்கூலில விளையாட்டுப் போட்டி. நாலு நாள் வெயிலுக்கை நிண்டவள்."

அவர்கள் போன கையோடு தீர்மானம் நிறைவேறியது. கல்யாணத்துக்கு முன்னம் தேமல் போக வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போகாமல் போக வேண்டும்.

ஏன் போகாமல்? இந்த ஊரில் இருப்பவர்களுக்கு விளங்கும். தோல் கிளினிக்குக்கு வருபவர்கள் உட்கார்ந்து காத்திருக்கும் வாங்கு, உள்ளே போகும் நடையில் கிடக்கிறது. பிரஷர் குளிசைக்கு வருபவர், எக்ஸ்ரேக்கு வருபவர், நோயாளிக்குச் சாப்பாடு கொண்டுவருபவர் — எல்லாரும் அந்த வாங்கைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டும்போது எல்லாரும் அக்கறையோடு சுகம் விசாரிப்பார்கள்.

"ஏழு மணிக்கு அந்த வாங்கில போய் இருந்தாளெண்டால், எட்டு மணிக்கு மூதூர் போட்டில கதைப்பினம் அண்ணை," என்றாள் வசந்தா.

போட் போய் இறங்கும் மூதூரிலிருந்து கட்டைபறிச்சான் எவ்வளவு தூரம்? ஒரு கதை நடந்தே போய்ச் சேர்ந்துவிடும்.

இந்த இடத்தில் நான் என்ன செய்திருக்க வேண்டும்? என்னைப் புதிதாக வாசிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். நான் முப்பத்துமூன்று வருடம் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், அதாவது பி.எச்.ஐ. வெருகலில் தொடங்கி கிண்ணியா வரை மிதிக்காத வாசல் இல்லை. கிணற்றுக்கு எவ்வளவு குளோரின், பேக்கரிக்கு எப்படி சீல், விசர்நாயின் தலையை எந்தப் பெட்டியில் எந்த ஐஸ் போட்டு அனுப்புவது — எல்லா நடைமுறையும் பாடம். வெளிறிய படைக்கும் ஒரு நடைமுறை இருக்கிறது. ஒரு துண்டுப் பஞ்சு போதும். அதைத் திரித்து படையில் தொட்டுப் பார்க்க வேண்டும். ஒரு நிமிட வேலை. எத்தனை குடும்பநல உத்தியோகத்தர்களுக்கு நான் அதைப் படிப்பித்திருப்பேன்!

ஆனால் அன்றைக்கு எனக்குக் கோபம் வந்தது விளக்கின் மேல்.

"அந்த மெஷின் எங்கையாவது பதிஞ்சதோ?" என்று கேட்டேன்.

"நீங்களே வந்து பாருங்கோவன்," என்றாள் வசந்தா.

போனேன். சும்மா போகவில்லை, பரிசோதனைக்குப் போவதுபோல மடிப்புக் குலையாத சேர்ட்டோடு, பையில் பேனையோடு போனேன். பார்லர் வாசலில், இந்த ஊர்த் தெருக்களில் மாடுபோலத் திரியும் மான்களில் ஒன்று நின்று, பழைய மாலையொன்றைச் சப்பிக்கொண்டிருந்தது. உள்ளே வசந்தா பக்கத்தில் இருக்க, தேனுகா ஏற்கெனவே படுத்திருந்தாள். முகத்தில் முகமூடி. அறை முழுக்கச் சிவப்பு. அந்த வெளிச்சத்தில் யார் முகத்திலும் எந்த மறுவும் தெரியாது. என் முகம்கூடக் கண்ணாடியில் வடிவாகத்தான் இருந்தது.

"இதுக்குப் பதிவுச் சான்றிதழ் இருக்கோ?"

"இருக்கு சேர்." றிஸானா ஓடிப்போய் ஒரு கடதாசியைக் கொண்டுவந்தார்.

"இது கடைக்குத் தந்தது. நான் மெஷினுக்குக் கேட்கிறன்."

"மெஷினுக்கு வாரண்டி இருக்கு சேர்."

"அலைநீளம் எவ்வளவு?"

றிஸானா கொஞ்சம் யோசித்தார். "வயர் ரெண்டு மீட்டர் வரும் சேர்."

இந்தப் பதிலைத்தான் பத்தியில் தொடக்கத்திலேயே போட்டேன். பெயர் போடவில்லை, ஆனால் துறைமுகத் தெருவில் எத்தனை பார்லர் இருக்கிறது?

"கண்ணுக்கு என்ன பாதுகாப்பு?"

பாதுகாப்பு ஒன்றும் இருக்கவில்லை. நான் பிடித்துக்கொண்டேன். ஈரப் பஞ்சு வைக்க வேண்டும். பஞ்சை வைக்க முதல், ஒவ்வொரு தரமும், இரண்டு கண்ணும் சரியாக மூடியிருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும். பார்த்த பிறகுதான் பஞ்சு. பஞ்சுக்குப் பிறகுதான் விளக்கு. றிஸானா ஒரு கொப்பியை எடுத்து, நான் சொன்னதை வரி வரியாக எழுதிக்கொண்டார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. ஓய்வுபெற்ற பிறகு நான் சொன்னதை ஒருவர் எழுதியெடுத்தது அதுதான் முதல் தடவை. போகும்போது என் கார்ட்டையும் கொடுத்துவிட்டு வந்தேன்.

திரும்பும் வழியில், ஓட்டோவுக்குள், தேனுகா சொன்னாள்.

"மாமா, விளக்குப் போட முதல் கரும்புள்ளி எடுக்கிறதெண்டு ஒரு கம்பியால குத்தினவ. வலப் பக்கம் உயிர் போச்சு. இடப் பக்கம் ஒண்டுமே தெரியேல்லை."

"நல்ல லைட் போல," என்றாள் வசந்தா.

நான் சொன்னேன்: "கல்யாணத்துக்கு நல்லது பிள்ளை. தெரியாத பக்கத்தைப் புருசன்ர பக்கம் வைச்சுக்கொள்."

மூவரும் சிரித்தோம். ஓட்டோக்காரரும் சிரித்தார்.

எழுதாமல் விட்ட பகுதி இதுதான். முதலில் குத்தினார்கள், பிறகுதான் விளக்கைப் போட்டார்கள். அப்படியானால் குத்தும்போது நோகாததற்கு விளக்கு எப்படிக் காரணமாகும்? இவ்வளவு சின்னக் கணக்கு. கணிதம் படிப்பிக்கிறவளுக்கு விளங்காததில் பிழையில்லை, அவளுக்கு இந்த நோய் தெரியாது. எனக்குத் தெரியும். வெளிறிய படை, அதில் உணர்ச்சியில்லை. இந்த இரண்டையும் ஒரே வசனத்தில் கேட்டால் எழுந்து நிற்க வேண்டும் என்று முப்பத்துமூன்று வருடம் ஊருக்குச் சொன்னவன் நான். கேட்டேன். பகிடி விட்டேன். வீட்டுக்குப் போய், வயர் ரெண்டு மீட்டர் என்று எழுதத் தொடங்கினேன்.

திருத்த வேண்டியதைவிடத் திட்ட வேண்டியது எப்போதும் லேசு. அது கண்ணுக்கு முன்னாலேயே நிற்கும். பதிலும் சொல்லாது. விளக்கைத் திட்டினால் கைதட்டுவார்கள். ஒரு பிள்ளையின் கன்னத்தைப் பஞ்சால் தொட்டால் யார் கைதட்டுவார்கள்?

கிழமைக்கு ஒரு தரம் சிவப்பு விளக்கு. சித்திரை போனது. வைகாசியில் படை சிவந்தது. கொஞ்சம் தடித்தும் வந்தது.

"இரத்தோட்டம் வருது அண்ணை!" என்று வசந்தா தொலைபேசியில் துள்ளினாள். "லைட் வேலை செய்யுது. இப்ப நீங்கள் என்ன எழுதப்போறீங்கள்?"

ஒன்றும் எழுதவில்லை. ரோசம். போய்ப் பார்க்கவும் இல்லை.

மூன்று கிழமைக்கு முன்னர் றிஸானா அழைத்தார். நான் கொடுத்த கார்ட்டைப் பார்த்து அழைத்திருந்தார்.

"சேர், கொஞ்சம் கடைக்கு வர ஏலுமா? தங்கச்சி இஞ்சதான் இருக்கிறா."

"ஏன், மெஷின் வெடிச்சிட்டுதோ?"

"இல்ல சேர். அவங்கட கண் மூடுதில்ல."

பார்லரில் அன்றைக்கு விளக்கைப் போட்டிருக்கவில்லை. வெள்ளை வெளிச்சம். தேனுகா கதிரையில் இருந்து கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எல்லாம் பகிடியாக இருந்தது.

"மாமா, றிஸானா அக்கா என்னைப் பயப்படுத்திறா."

றிஸானா என்னை ஓர் ஓரத்துக்குக் கூட்டிப்போனார். "நீங்கதானே சேர் சொன்னீங்க, ஒவ்வொரு தரமும் குனிஞ்சு பாக்கச் சொல்லி. ஒவ்வொரு தரமும் பாத்தன். போன கிழமை சந்தேகமா இருந்திச்சி. இண்டைக்கு நல்லாத் தெரியுது. அம்மாட்டச் சொன்னா அழுவாங்க. நீங்க சுகாதாரத்தில இருந்தவங்கதானே..." பிறகு, "நீங்க பேப்பரில எழுதினதையும் வாசிச்சன் சேர். வயர் கதை," என்றார்.



"ஒரு துண்டுப் பஞ்சு தாங்கோ," என்றேன்.

கண் மூடாத பிள்ளையிடம் கண்ணை மூடு என்று சொல்ல முடியாது. டவலை வாங்கி அவள் கண்ணைச் சுற்றிக் கட்டினேன். "நான் தொடுகிற இடத்தை விரலால காட்டு பிள்ளை."

நெற்றியில் தொட்டேன். காட்டினாள். நாடியில் தொட்டேன். காட்டினாள். வலக் கன்னம். சிரித்துக்கொண்டே காட்டினாள்.

பிறகு இடக் கன்னத்துக்குப் போனேன். படையின் நடுவில் தொட்டேன். ஓரத்தில் தொட்டேன். மேலே, கீழே தொட்டேன்.

அவள் மடியில் கையை வைத்தபடி பேசாமல் இருந்தாள். கொஞ்ச நேரம் பொறுத்தாள்.

"என்ன மாமா, தொடுங்கோவன்," என்றாள்.

றிஸானா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். முகத்தில் உணர்ச்சி அவ்வளவு லேசில் முழுதாகப் போகாது. போயிருக்கிறது என்றால் கனநாளாகப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. எத்தனையோ வீடுகளில், எத்தனையோ பேருக்கு, இந்த இடத்தில் என்ன சொல்ல வேண்டும் என்பதற்கும் ஒரு நடைமுறை இருக்கிறது. அமைதியான குரல், எளிய சொற்கள், நம்பிக்கை. டவலை அவிழ்க்கக்கூட றிஸானாதான் வந்தார்.

அடுத்த கிளினிக் நாளில் தேனுகா அந்த வாங்கில் இருந்தாள். காலை ஏழு மணி. ஒரு பக்கம் வசந்தா, மறு பக்கம் நான். எதிர்பார்த்தபடியே எல்லாரும் தாண்டிப்போனார்கள். எல்லாரும் சுகம் விசாரித்தார்கள்.

"ஆருக்கு வருத்தம்?" என்று ஒரு மனிசி கேட்டா.

"எனக்குத்தான்," என்றாள் தேனுகா. அந்த மனிசி சாப்பாட்டுப் பையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு நடந்தா.

வைத்தியர் இளம் பெண். படையைப் பார்த்தார். காதுக்குக் கீழே, முழங்கைக்குப் பின்னால் நரம்பைத் தடவிப் பார்த்தார். கண்ணை மூடச் சொன்னார். பிறகு நோயின் பெயரைச் சொன்னார். தொழுநோய். வசந்தா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, "குட்டமோ?" என்றாள். யாரோ தன் பிள்ளையைக் கெட்ட வார்த்தையில் ஏசியதுபோல.

ஏசுவதற்கு இதில் ஒன்றுமில்லை. முற்றாக மாறிச் சுகமாகும் நோய். மருந்து இலவசம். தொடங்கிய சில நாளிலேயே மற்றவருக்குப் பரவுவதும் நின்றுவிடும். சாபமில்லை, பாவமில்லை, பரம்பரையில்லை. இவ்வளவையும் வைத்தியர் வசந்தாவுக்குச் சொன்னார். நானும் மனதுக்குள் கூடவே ஒப்புவித்தேன்.

"கண்?" என்று கேட்டாள் தேனுகா.

"கண்ணை மூடுற நரம்பு வீங்கியிருக்கு. அதுக்கு வேற குளிசை தாறன். கன பேருக்குத் திரும்பி வரும். சில பேருக்கு முழுசா வராது. இப்ப சொல்ல ஏலாது," என்றார் வைத்தியர். "கொஞ்சம் முந்தி வந்திருந்தா கண்ணுக்குப் போயிருக்காது."

அவர் யாரையும் குறித்துச் சொல்லவில்லை.

விளக்கில் பிழையில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். சில பருக்களுக்கு அந்த வெளிச்சம் ஓரளவு உதவும் என்றுதான் சொல்கிறார்கள். அது தேனுகாவின் கண்ணைக் கெடுக்கவில்லை. விளக்குக்குக் கீழே நாங்கள் படுக்க வைத்த மாதங்கள்தான் கெடுத்தன. அவளைப் படுக்க வைத்தது வாங்குக்குப் பயந்த தாய். பார்த்துக்கொண்டு நின்றது நான்.

மாப்பிள்ளைக்குத் தேனுகாவே அழைத்துச் சொன்னாள். தாய் தடுக்கத் தடுக்கச் சொன்னாள். அவர், "மருந்து குடிச்சா மாறும்தானே?" என்று கேட்டாராம். ஓம் என்றாளாம். அக்காவோடு கதைத்துவிட்டு எடுக்கிறேன் என்றாராம். கட்டைபறிச்சானுக்கு இப்போது பாலம் இருக்கிறது, பஸ் இருக்கிறது, நாலு கம்பனியின் டவர் இருக்கிறது. அழைப்பு மட்டும் இன்னும் வரவில்லை.

இதை எழுதுவதா விடுவதா என்று அவளிடமே கேட்டேன். "மூஞ்சியை மறைச்சு மறைச்சுத்தானே மாமா இவ்வளவு தூரம் வந்தது. பேரை மாத்திப்போட்டு எழுதுங்கோ," என்றாள். மாற்றியிருக்கிறேன். எங்கள் வீடு இருக்கும் பாலையூற்றுப் பக்கம், இது யார் என்று விசாரித்துத் திரிபவர்கள், தங்கள் வீட்டுப் பிள்ளைகளின் படைகளைப் பஞ்சால் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரியுங்கள்.

அன்று மருந்து தருவதற்கு முன்னர் ஒரு படிவம் நிரப்பினார்கள். தாதி ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு வந்தார். பெயர், வயது, தொழில், எப்போதிருந்து படை. பிறகு, "இதை முதல்ல ஆருக்குக் காட்டினீங்கள்?"

வசந்தா வாயைத் திறக்க முதல் தேனுகா சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை. வகுப்பில் விடை சொல்வதுபோலச் சொன்னாள்.

"மாமாவுக்கு. உணர்ச்சியில்லை எண்டு சொன்னனான்."

தாதிக்கு என்னைத் தெரியும். என்னிடம் படித்தவர். பேனை நின்றது. "சேருக்கோ?"

"எழுதுங்கோ மிஸ்," என்றேன்.

"உங்களை எதுக்குள்ளை போடுறது சேர்? அரச சுகாதார சேவைக்குள்ளையா?"

"நான் ஓய்வு எடுத்திட்டன்."

அவர் பட்டியலின் அடிவரைக்கும் பேனையை இறக்கினார். மற்றவை. சாத்திரக்காரர், நூல் கட்டுபவர், நாட்டு வைத்தியம், பியூட்டி பார்லர் — எல்லாருக்கும் சேர்த்து ஒரே பெட்டி. அதில் எனக்கும் ஒரு சரி அடையாளம் விழுந்தது.

அந்தப் பெட்டிக்குள் இருந்தவர்களில், பிள்ளையின் முகத்தைக் குனிந்து பார்த்தவர் பார்லர்காரி மட்டும்தான்.